சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சுபோன கேம்

கேள்வி (திருப்பூர்): வணக்கமுங்ண்ணா. பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன். ஸ்டீம்ல (கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடை) ‘வெண்பா’ங்கிற கேம் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை காபி குடிச்சுட்டு உட்கார்ந்தவன், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சுட்டேன். மொத்தமே ஒன்றரை மணி நேரமுங்க. கொஞ்சம் காசு சேர்த்துப் போட்டா நூறு மணி நேரம் ஓடுற கேமே ஆஃபர்ல கிடைக்குது. ரீஃபண்டு கேட்கலாமுங்களா?

பதில்: கேட்கலாமுங்க, கிடைக்கும். வாங்கி 14 நாளுக்குள், விளையாடினது 2 மணி நேரத்துக்குக் கீழே என்றால் ஸ்டீம் காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிவிடும். ஆனால் என்னைக் கேட்டால், இது மெஸ்ஸில் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்து கல்லாவில் காசைத் திருப்பிக் கேட்கிற கதை. அடிக்கடி செய்தால் அந்த வசதியையே உங்களுக்கு நிறுத்திவிடுவோம் என்றும் அவர்கள் விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நானும் போன மாதம்தான் விளையாடினேன். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்கிற நிறுவனம் 2023-ல் வெளியிட்டது. அடுத்த வருடம், முதல் படைப்புக்கென்று பிரிட்டனில் கொடுக்கிற பாஃப்டா விருதை வாங்கியது. 1988-ல் தொடங்குகிற கதை. கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன், அவர்கள் பையன் கவின். முதல் வேலையே இட்லி. வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாம்தான் ஊகிக்கணும். நான் பாட்டுக்குத் தட்டுகளை அடுக்கினேன், கெட்டுப்போச்சு. பின்னால் நின்றிருந்த எங்கம்மா, “ஏண்டா, முப்பது வருசமா திங்கறே, தட்டு எப்படி அடுக்கறதுன்னு ஒரு நாளாவது பாத்திருக்கறயா?” என்றார். கவின் பெரியவனாகி அதே நோட்டைப் படிக்கத் திணறுகிற இடம் வந்தபோது, எங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

நீங்க திருப்பூர்க்காரர். பீஸ் ரேட் கணக்கு ஊறிப்போயிருக்கும். மணிக்கு இத்தனை ரூபாய் என்று கேமுக்கும் போட்டால் கணக்கு இடிக்கும். ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ எடுத்துக்கோங்க. 1899-ம் வருட அமெரிக்கா. ஏறக்குறைய 150 ஜிபி. எங்க வீட்டு நெட்டில் இறங்கி முடிக்க ராத்திரி முழுக்க ஆச்சு. விடிந்து உட்கார்ந்தால், கண்ணுக்கெட்டின வரைக்கும் பனிமலை. குதிரை காலை இழுத்து இழுத்து நடக்கிறது, நானும் கொட்டாவி விட்டுக்கொண்டே நடத்துகிறேன். அந்த மலையை விட்டு இறங்குவதற்குள்ளேயே ரெண்டு மணி நேரம் போய்விட்டது. இறங்கின பிறகுதான் கேமே ஆரம்பம், ஆனால் ரீஃபண்டுக் கெடு மலையிலேயே முடிந்திருந்தது. அருமையான கேம், சந்தேகமே இல்லை. ஆனால் ரெண்டு மாதமாக என் ஆள் ஒரு கூடாரத்துக்கு வெளியே நின்றபடியே இருக்கிறான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வாய்க்கவில்லை. நூறு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து எட்டு மணி நேரம் ஆடியிருக்கிறேன். இப்போது சொல்லுங்க, எது விலை ஜாஸ்தி?

ஒன்று சொல்ல மறந்தேன். கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரமும் ரீஃபண்டுக்கான ரெண்டு மணி நேரக் கணக்கில் ஏறும்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஓடுற மாதிரி நல்ல கேம் ஒண்ணு சொல்லுங்க.

பதில்: ‘ஸ்டார்டியூ வேலி’. எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்து, 2016-ல் வெளியிட்டது. ஒரு ஜிபி இடம்கூட ஆகாது. தாத்தா விட்டுப்போன தோட்டம், கையில் 15 பார்ஸ்னிப் (கேரட் மாதிரி ஒரு கிழங்கு) விதை, அதிலிருந்து தொடங்கணும். எங்க அப்புச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாலு நாளில் கிழங்கு விளைந்ததும், “நாலே நாளா? நம்ம மஞ்சளுக்கு ஒம்பது மாசமாகுது” என்று சிரித்தார். ஒரு பருவம் 28 நாள், அது முடிந்தால் நின்ற பயிர் பட்டுப்போகும் என்றதும் சிரிப்பு நின்றது. “பட்டம் தப்புனா அப்படித்தான். சரி, தண்ணி கெணறா, வாய்க்காலா?” என்றார். குளத்தில் மொண்டு ஊற்றணும் என்றேன். “ஆளு கூலி கட்டுபடியாகாது” என்று எழுந்து போய்விட்டார்.

வாங்கும் முன் ரெண்டு விஷயம். படுத்துத் தூங்கினால்தான் அன்றைய ஆட்டம் சேவ் ஆகும். உங்க லேப்டாப் பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போகும்போது அந்த ஒரு நாள் பாடு முழுக்கப் போச்சு. அடுத்தது, கம்ப்யூட்டருக்கு வாங்கினது போனுக்கு வராது. அங்கே தனியாகக் காசு கட்டணும்.

கேள்வி (ஈரோடு): பிளேஸ்டேஷன் 5 வாங்கலாம்னு இருக்கேன். டிஸ்க் டிரைவ் இல்லாதது விலை கம்மியா வருது. அதையே எடுத்துக்கலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. டிஸ்க் என்றால் முடித்துவிட்டு விற்கலாம், கூட்டாளியோடு மாற்றிக்கலாம், பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கையும் போடலாம். டிஜிட்டலில் வாங்கினது உங்க கணக்கோடு சரி. டிஸ்க் இருந்தாலும் அட்டைப்பெட்டியில் இணையம் கட்டாயம் என்று போட்டிருக்கிறதா பாருங்க. 2014-ல் வந்த ‘தி க்ரூ’ கார் கேமின் சர்வரை 31.3.2024 அன்று நிறுத்திவிட்டார்கள். தனியாக ஆடக்கூட வழியில்லை, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

பழைய டிஸ்க் வாங்கினால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்க. கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடையில் நான் பார்க்காமல் வாங்கி, பாதியில் நின்றுபோய், திரும்பப் போனபோது கடைக்காரர் ‘பில் எங்கே’ என்றார். பில் அவர் கொடுக்கவே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. திருப்பிக் கொடுக்க பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுங்க. வாங்கினது கோயமுத்தூரானாலும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. பில்லைக் கையோடு போனில் போட்டோ எடுத்து வைத்துக்கோங்க; அந்த வழுவழுப் பேப்பர் கொஞ்ச நாளில் வெளுத்து வெறும் தாளாகிவிடும்.