படிக்க மறுக்கும் ஜிஏஎல்16வி8 சில்லுக்கு மாற்று

வணக்கம். உங்கள் பீன்யா பட்டறையில் ஒரு பொதி கட்டும் இயந்திரத்தின் ஜிஏஎல்16வி8 (தர்க்கச் சமன்பாடுகளை எழுதி ஏற்றக்கூடிய 20 கால் சில்லு) பழுதானதால், இரண்டாவது இயந்திரத்தின் நல்ல சில்லைப் புரோகிராமரில் (சில்லைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவியில்) படித்தபோது எங்கும் ஒரே மதிப்பே வந்ததாகவும், மாற்றாக எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைக்கக்கூடிய பெரிய சில்லு) வைக்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தச் சில்லுடன் இயந்திரம் ஓடுவதால் அது வெறுமையாக இருக்க முடியாது; உள்ளடக்கத்தைப் படிக்கவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு பிட் போடப்பட்டிருக்கிறது. தவறியும் அழிக்கும் கட்டளையைக் கொடுக்காதீர்கள், ஏனெனில் அது பாதுகாப்பை நீக்கும்போது உள்ளடக்கத்தையும் சேர்த்தே அழித்துவிடும்.

முதலில் பலகையில் 1ஆம், 11ஆம் கால்களைப் பாருங்கள். 1இல் கடிகாரத் துடிப்பும் 11இல் தரை இணைப்பும் இருந்தால், உள்ளே பதிவகங்கள் (முந்தைய நிலையை நினைவில் வைக்கும் பகுதிகள்) பயன்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரு கால்களும் வெறும் உள்ளீடுகளாக இருந்து, 12 முதல் 19 வரையிலான கால்கள் வெளியீடுகளாக மட்டும் இருந்தால், 10 உள்ளீடுகளுக்கு 1024 சேர்க்கைகள்தாம். ஓர் ஆர்டுயினோ மெகா (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) இருந்தாலே, ஒவ்வொரு சேர்க்கைக்கும் வரும் வெளியீட்டை அட்டவணையாக எடுத்துத் தரும். வெளியீடு உள்ளே திரும்பிச் சென்று முந்தைய நிலையைத் தாங்கக்கூடும் என்பதால், சேர்க்கைகளை வேறு வரிசையிலும் ஓட்டி இரு அட்டவணைகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். பதிவகங்கள் இருந்தால் வேலை கடினம். மின்சாரம் கொடுத்ததும் அவை அனைத்தும் சுழியத்தில் தொடங்கும் என்பதைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு துடிப்பாக நிலைகளைக் குறித்துச் செல்ல வேண்டும்.

கிடைத்த சமன்பாடுகளை வின்கப்பிள் (WinCUPL) மென்பொருளில் எழுதி, அது தரும் ஜெடெக் கோப்பை (சில்லில் ஏற்றும் கோப்பு) ஜிஏஎல்16வி8-க்கு மாற்றான ஏடிஎஃப்16வி8பி சில்லில் ஏற்றலாம். கால் அமைப்பு ஒன்றே. பெங்களூரு எஸ்.பி. சாலையின் மின்னணுக் கடைகளில் பழைய ஜிஏஎல் தேடி அலைவதைவிட இது மேல். எஃப்பிஜிஏ யோசனையை விட்டுவிடுங்கள்: இன்றைய எஃப்பிஜிஏக்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா, உங்கள் பலகையோ 5 வோல்ட்.