"ஏன்க்கா ஷாக் கொடுக்கல?"

மேடம், வணக்கம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிறந்த ஊர் உசிலம்பட்டி பக்கம், வாக்கப்பட்டது ஒத்தக்கடை. சாவைப் பார்க்காதவள் இல்லை.

ஆடிக் கடைசியில் ஒரு நைட் டியூட்டி. நாற்பது தாண்டாத ஆள், காய்ச்சல் முற்றி ரத்தத்தில் இன்ஃபெக்ஷன் ஏறிய கேஸ். ரெண்டு மணி வாக்கில் யூரின் குறையுதுன்னு டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். வந்து பார்த்தார், மருந்தை மாற்றினார். விடியுமுன்னே மானிட்டரில் கோடு நேராகிவிட்டது. முதலில் நெஞ்சில் கைவைத்து அழுத்தியது நான்தான். ஆள் மாற்றி ஆள் அழுத்தினோம், அட்ரினலின் போட்டோம். வரவில்லை.

வெளியே அவர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா ஷாக் கொடுக்கல?" என்று கத்தினான். நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகமாட்டேங்குது. வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு 'பீப்' என்றால் நெஞ்சு படபடங்குது. டியூட்டியில் சீரியஸ் பெட்டை எனக்குப் போடாதீங்கன்னு கெஞ்சுறேன். ரெண்டு மணிக்கே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணுமோன்னு நினைச்சே தூக்கம் போகுது. "இந்தப் பொழப்பு எதுக்கு, விட்டுரு தாயி" என்கிறார் அத்தை. ஓபிக்கு மாற்றிக் கேட்கவா, வேலையையே விட்டுவிடவா?

பெயர் வேண்டாம், ஒத்தக்கடை

வணக்கம் சிஸ்டர்.

'உங்க மேல தப்பே இல்லை' என்று நான் எழுதப்போவதில்லை. வீட்டில் எல்லாரும் சொல்லியிருப்பார்கள், உங்களுக்கு அது இறங்கியிருக்காது. அந்த ராத்திரி நான் அங்கே இருந்தவளும் இல்லை.

ஷாக் விஷயத்தில் மட்டும் சந்தேகமே வேண்டாம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷாக். துடிப்பே அடங்கிய இதயத்தில் அதற்கு வேலையில்லை. சினிமாவில்தான் நேர்கோட்டுக்கு ஷாக் கொடுத்து ஆளை எழுப்பி உட்காரவைக்கிறார்கள். நிஜத்தில், ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள், அமெரிக்கப் பதிவேடுகளில்கூட, ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். தொடக்கத்திலேயே நேர்கோடு என்றால் இன்னும் குறைவு. அந்தத் தம்பி அண்ணனைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் கத்தினான். நீங்கள் அதை விசாரணையாக எடுத்துக்கொண்டு தினம் ராத்திரி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ரெண்டு மணி சங்கதி வேறு. முடிவு தெரிந்துவிட்டால், முன்னால் நடந்ததெல்லாம் அப்போதே தெரிந்திருக்க வேண்டியதுபோலத் தோன்றும். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இலேயே இதைச் சோதித்துக் காட்டினார். ஆகவே தனியாகப் படுத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். நம்பிக்கையான இன்சார்ஜ் சிஸ்டரோ மூத்த டாக்டரோ ஒருவரிடம் கேட்டு, ஆஸ்பத்திரியிலேயே அந்தக் கேஸ் ஷீட்டை வைத்து உட்காருங்கள். கீழே உள்ள வரிகளை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, மணிவாரியாக மேலிருந்து படியுங்கள். ரெண்டு மணி வரியில் நில்லுங்கள்: பிரஷர் என்ன, யூரின் என்ன, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார். அந்த நேரத்தில், அந்த எண்களோடு, இன்னொரு நல்ல நர்ஸ் என்ன செய்திருப்பார்? அதன் பிறகு தாளை இறக்குங்கள். உண்மையிலேயே ஓட்டை தெரிந்தால், டியூட்டி டாக்டருக்கு அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று வார்டில் ஒரு ஏற்பாடு செய்யுங்கள். தெரியாவிட்டால் அதையும் கண்ணால் பார்த்தவர் ஆகிறீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது சீரியஸ் பெட்டை நீங்கள் தட்டிக்கழிப்பதுதான். ஒவ்வொரு தடவை தப்பிக்கும்போதும் அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பயம் ஒரு படி கூடியிருக்கும். இன்சார்ஜிடம் விஷயத்தைச் சொல்லி, கொஞ்ச நாள் பகல் டியூட்டி கேளுங்கள். டியூட்டி தொடங்கியதும் அவசர மருந்து வண்டியான கிராஷ் கார்ட்டை நீங்களே சரிபாருங்கள்: டிராயரைத் திறந்து, அட்ரினலின் ஆம்பூலை எண்ணி, ஷாக் கொடுக்கும் டிஃபிபை ஆன் செய்து சத்தம் கேட்கும்வரை நின்று பாருங்கள். சில நாளில் படபடப்பு தணியும். பிறகு வென்டிலேட்டரில் இருக்கும், ஆனால் நிலையான ஒரு பேஷன்ட். அப்புறம் ஒரு சீனியரோடு சேர்ந்து சீரியஸ் பெட். அவசரம் வேண்டாம், பின்வாங்கவும் வேண்டாம்.

வார்டு அலமாரியிலிருந்து தூக்க மாத்திரை எடுத்துப் போடுகிற பழக்கம் நம் ஆட்களில் சிலருக்கு உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு மாதம் கடந்தும் பதற்றமும் அந்தக் காட்சிகளும் விடாவிட்டால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயா என்று பார்த்தாக வேண்டும். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்று கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றைக்கே பேசுங்கள்.

வேலையை விடுவதை இப்போது முடிவு செய்யாதீர்கள். தூக்கம் திரும்பி, சீரியஸ் பெட்டையும் பார்த்த பிறகு, அப்போதும் ஐசியூ வேண்டாம் என்று பட்டால் தாராளமாக ஓபிக்குப் போங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. அத்தை உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். "அந்தப் பேச்சைக் கொஞ்ச நாள் எடுக்காதீங்க அத்தை, நைட் முடிஞ்சு வர்ற அன்னைக்கு மத்தியானம்வரை அடுப்படியை நீங்க பாத்துக்கங்க, நான் தூங்கி எந்திரிக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள்.