செயின் கழுத்திலேயே இருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

இன்றைக்கு டிசம்பர் 20, கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. வீட்டுக்காரருக்குச் சம்பளம் ஜனவரியில்தான் வருமாம். கையில் இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. ஸ்டார் இன்னும் வாங்கவில்லை. இயேசு பிறப்புக் குடிலில் வைக்கும் சொரூபச் சிலைகள் மழையில் ஊறி உடைந்துவிட்டன. கேக்குக்குப் பழம் ஊறப்போடவும் விட்டுப்போயிற்று. பிள்ளைகள் இரண்டு பேரும் தினமும் கேட்கிறார்கள். செயினை அடகு வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள தங்கச்சி,

செயினை வைக்காதீர்கள். அடகு வைத்த நகைக்கு ஆடி வரை வட்டி கட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. மாதாமாதம் வட்டிக்கு அம்மா காசு எண்ணி வைத்ததுதான் நினைவிருக்கிறது.

முதலில் குடில். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் அசிசி நகரத்துத் துறவி புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் சொரூபம் எதுவும் இல்லை. தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். அதனால் உடைந்ததை நினைத்து வருந்த வேண்டாம். குளத்துக் களிமண் ஒரு வாளி அள்ளிவந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆடு நாய் மாதிரி வந்தாலும் வரட்டும், திருத்தாதீர்கள். நிழலில் இரண்டு நாள் காய்ந்தால் போதும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.

குடிலுக்குப் பச்சைப்புல் வேண்டுமே. ஒரு கைப்பிடி கம்பு போதும். இரவு ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் கட்டிவையுங்கள். முளை எட்டிப்பார்த்ததும் பழைய தட்டில் மண் பரப்பித் தூவி, தண்ணீர் தெளித்துவாருங்கள். 24-ஆம் தேதி ராத்திரிக்குக் குட்டையாகத்தான் இருக்கும். ஆனால் குடிலை மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை வைப்போம் அல்லவா, அதற்குள் நன்றாக வளர்ந்துவிடும்.

ஸ்டாருக்கு ஒரே அளவில் பத்து மூங்கில் சிம்பு. ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம் செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்குங்கள். நடுவில் சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் நாலு விரற்கடைக் குச்சியை முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். மைதாப் பசை காய்ச்சிப் பட்டத்தாள் ஒட்டலாம். உள்ளே எல்இடி பல்புதான் போட வேண்டும். பழைய குண்டு பல்பின் சூட்டில் தாள் கருகிவிடும்.

பலகாரம் நாலைந்து வேண்டாம், சிறுபயறும் தேங்காயும் சேர்த்து உருட்டிப் பொரிக்கும் முந்திரிக்கொத்து மட்டும் போதும். பெயரில்தான் முந்திரி, முந்திரிப்பருப்புக்கு அதில் வேலையே இல்லை. உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லைதான், இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். தேங்காய்த்துருவலை ஈரம் போக, கையில் எடுத்தால் சலசலக்கும் வரை வறுக்க வேண்டும். அவசரத்தில் அங்கேதான் கோட்டை விடுகிறோம், நாலாம் நாளே சிக்கு வாடை வந்துவிடுகிறது. அரை கிலோ சிறுபயறில் உங்கள் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தாராளமாக வரும். மாவில் தோய்த்து மூன்று மூன்றாக எண்ணெயில் விடும் வேலையைப் பெரியவர்கள் பாருங்கள், உருட்டுவது பிள்ளைகள் பாடு.

கேக் இல்லாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள், தெரியும். உலர்திராட்சையையும் டூட்டி ஃப்ரூட்டியையும் சூடான ஆரஞ்சுச் சாற்றில் ஒரு மணி நேரம் போட்டால் போதும். கறுப்பு நிறம் வருவது ரம்மால் அல்ல, கருக்கிய சர்க்கரையால். ஓவன் இல்லையென்றால் குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள்.

புதுத்துணி இந்தத் தடவை பிள்ளைகளுக்கு மட்டும். உங்கள் கல்யாணப் பட்டு பீரோவில்தானே தூங்குகிறது? அதைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போங்கள். காரணத்தைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். அப்பாவுக்குச் சம்பளம் தள்ளிப்போயிருக்கிறது, இந்த வருஷம் எல்லாம் நாமே செய்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

சரி, கடையில் கம்பு இருக்கும். இன்றைக்கு ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா