தையல் மெஷின் இல்லாமல் கையாலேயே டெடி பேர் தைத்தால் நிற்குமா? எந்தத் தையல் போட வேண்டும்?

நிற்கும். தாராளமாக நிற்கும். "கையால் தைத்தால் சீக்கிரம் பிரிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த எல்லோரிடமும் நானும் நிறையக் கேட்டாகிவிட்டது. அதனால்தான் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் அநேகமாக முதல் பொம்மை தைக்கப் போகிறீர்கள், ஃபர் துணியும் வாங்கியாகிவிட்டது, வீட்டில் யாராவது "பேசாம கடையில ஒண்ணு வாங்கிடு" என்று சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

என் தங்கை மகளுக்குப் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த பெரிய கரடி ஒன்று, கழுத்திலும் அக்குளிலும் பிளந்துபோய் என்னிடம் வந்தது. தூக்கிப் போடு என்றார்கள், அவள் விடவில்லை. கழுத்தைப் பிரித்து உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். மெஷின் தையல் அப்படியே முழுசாக இருந்தது, ஒரு இடத்தில்கூட நூல் அறவில்லை. கிழிந்தது துணிதான். விளிம்பிலிருந்து ஒரு நூல் தள்ளித்தான் மெஷின் ஓடியிருந்தது. நம் ஊரில் கிடைக்கும் ஃபர் துணியில் பெரும்பாலும் அடிப்பக்கம் பின்னல் துணி, பனியன் துணி மாதிரி. விளிம்பில் கண்ணி கழன்றால் தையலைத் தாண்டி ஓடிவிடும். அதனால் தையல் நிற்குமா நிற்காதா என்பதை முடிவு செய்வது கையோ மெஷினோ இல்லை, தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டீர்கள் என்பதுதான். கால் இன்ச் விடுங்கள், அதற்குக் குறைய வேண்டாம். அந்தக் கரடியின் தையலைப் பிரித்து, விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிக் கையால் தைத்துக் கொடுத்தேன். அவள் காலைப் பிடித்துத்தான் அதை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போவாள், இன்றைக்கும் பிரியவில்லை.

போட வேண்டியது கெட்டித் தையல். ஊசியை ஒரு தையல் முன்னால் எடுத்து, திரும்ப முந்தின தையல் முடிந்த இடத்திலேயே குத்தி இறக்குவது. இன்ச்சுக்கு எட்டிலிருந்து பத்துத் தையல் வரட்டும். சும்மா ஓட்டுத் தையல் போட்டால் பஞ்சை அடைத்ததும் பல்லிளித்துவிடும், அதை வைத்துத்தான் கைத்தையலுக்கே கெட்ட பெயர். நூல், ஜீன்ஸ் தைக்கும் பாலியஸ்டர் நூல். ஒரு முழத்துக்கு மேல் கோர்க்க வேண்டாம், மெழுகுவர்த்தியில் ஒரு தடவை இழுத்துவிட்டால் சிக்காது.

அதற்கு முன்னால் வெட்டுவது இருக்கிறது, முக்கால்வாசி பேர் கோட்டை விடுவது இங்கேதான். ரோமம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தடவிப் பார்த்து, பின்பக்கத்தில் அம்புக்குறி போடுங்கள். பேட்டர்னை, அதாவது துண்டுகளுக்கான காகித வடிவங்களை, எல்லாம் அந்தத் திசையிலேயே வைத்துப் பின்பக்கத்தில்தான் வரைய வேண்டும். துணியை மடித்து இரட்டையாக வெட்டாதீர்கள், ஒற்றையாக வெட்டி, இரண்டாவது கைக்குப் பேட்டர்னைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலின் நுனியை மட்டும் அடித்துணிக்குக் கீழே நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் ரோமம் வெட்டுப்படாது. அப்புறம் தைக்கும்போது வெளியே நீட்டும் ரோமத்தை ஊசி முனையால் உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். தைத்துத் திருப்பிய பிறகு தையலில் மாட்டிய மிச்ச ரோமத்தையும் ஊசியால் இழுத்துவிட்டு, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் சீவினால் தையல் இருந்த இடமே தெரியாது.

தலைதான் இதில் கஷ்டமான இடம். இரண்டு பக்கத் துண்டுகளையும் மூக்கு நுனியிலிருந்து தாடை வழியாகக் கழுத்துவரை முதலில் சேர்த்துவிடுங்கள். நடுவில் வரும் நீளத் துண்டை மூக்கு நுனியில் சரியாக மையம் பார்த்துக் குண்டூசி குத்தி, மூக்கிலிருந்து பின்கழுத்துக்கு ஒரு பக்கம், திரும்ப மூக்கிலிருந்தே மறுபக்கம் என்று தையுங்கள். கழுத்தின் ஒரு பக்கத்தில் ஆரம்பித்து ஒரே ஓட்டமாகச் சுற்றி வந்தால் முகம் ஒரு பக்கம் கோணிவிடும். மெஷினில் அழுத்தும் பாதத்துக்கு அடியில் ரோமம் வழுக்கி மேல் துணி நகர்ந்துவிடும். கையில் ஒவ்வொரு தையலுக்கும் நிறுத்திப் பார்க்கலாம். முகத்துக்குக் கைத்தையல்தான் மேல் என்று அடித்துச் சொல்வேன். மெஷின் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கை கால் ஓரங்களுக்கு மெஷின் வேகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த மெஷினில் தைத்தாலும் பஞ்சு அடைக்க விட்ட முதுகு வாயைக் கடைசியில் வெளியிலிருந்து, இரண்டு விளிம்பிலும் மாறி மாறிக் குத்தி இழுக்கும் ஏணித் தையலால் கையில்தானே மூட வேண்டியிருக்கிறது?

ஒரு கைவேலை விற்பனையில் ஒரு அம்மா என் கரடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டைம்பாஸுக்குப் பண்றீங்களா?" என்று கேட்டார். பதிலுக்கு நான் மார்கரெட் ஸ்டைஃப் பற்றிச் சொன்னேன். ஜெர்மனியில் கீங்கன் என்ற சின்ன ஊர், 1847இல் பிறந்தவர், ஒன்றரை வயதில் போலியோ, வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலி, வலது கையும் சரியாக வராது. 1880இல் ஊசி குத்தி வைக்க ஃபெல்ட் துணியில் அவர் தைத்த குட்டி யானையைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள், அதிலிருந்துதான் ஸ்டைஃப் பொம்மைக் கம்பெனியே வளர்ந்தது. கை கால் அசையும் கரடியை 1902இல் வடிவமைத்தது அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட். அதே சமயத்தில் அமெரிக்காவில், அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கரடியைச் சுட மறுத்த கார்ட்டூனைப் பார்த்துப் புரூக்ளினில் மிக்டம் தம்பதி ஒரு கரடி செய்து தங்கள் மிட்டாய்க்கடையில் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் ஊசி நூலோடு ஒரு பெண் இருக்கிறார். இதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். எனக்குக் கெட்டித் தையலும் காஜா எடுப்பதும் சொல்லிக்கொடுத்தது என் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். வாரம் தவறாமல் வகுப்பு நடக்கும். இப்போது தங்கை மகள் படிக்கும் பள்ளியில் கைவேலை பீரியட் என்று கால அட்டவணையில் இருக்கிறது, ஆனால் அது கணக்குக்கோ டெஸ்ட்டுக்கோ போய்விடுகிறது. கடைசியில் ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸப்பில் "நாளைக்குக் கைவினைப் பொருள் ஒன்று கொண்டு வரவும்" என்று வருகிறது, வீட்டில் அம்மா உட்கார்ந்து செய்கிறாள், மார்க் பிள்ளைக்கு. பத்து வயதில் ஒரு பித்தானைத் தானாகத் தைக்கத் தெரியாத பிள்ளைகளை நாம்தான் வளர்க்கிறோம்.

சரி, பஞ்சுக்கு வருகிறேன். தலையணைக்குப் போடும் ரெக்ரான் பஞ்சு போதும். இலவம் பஞ்சு கைக்குச் சுகமாக இருக்கும், துவைத்தால் கட்டிகட்டியாகிவிடும். மூக்கில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, மரக்கரண்டிக் காம்பால் இறுக்கமாக அடையுங்கள். தலை தொளதொளவென்று இருந்தால் அப்புறம் மூக்கு எம்பிராய்டரி நிற்காது.

கண் வைக்கும் முன் கறுப்புத் தலை குண்டூசி இரண்டைக் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். கொஞ்சம் கீழே, கொஞ்சம் தள்ளி வைத்தால் குழந்தை முகம் வரும். பார்த்து முடிந்ததும் அந்தக் குண்டூசிகளை மறக்காமல் எடுத்துவிடுங்கள். வாங்கப் போகும் குழந்தைக்கு மூன்று வயது ஆகவில்லை என்றால் பட்டன், பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டவே வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கறுப்பு நூலிலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.