கேளுங்கள், சொல்கிறேன்: ஊருணிக் கரையில் கார்

கேள்வி: ஐயா, பொங்கல் விடுமுறையில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு செட்டிநாட்டுப் பக்கம் வந்தேன். திருமயம் கோட்டை, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் எல்லாம் பார்த்துவிட்டு, இருட்டியதும் ஒரு ஊருணிக் கரையில் நிறுத்திக் காரிலேயே படுத்தேன். நடுராத்திரியில் இரண்டு பேர் கண்ணாடியைத் தட்டி எழுப்பி, "இங்கே படுக்கக் கூடாது" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு கருவேலங்காட்டை ஒட்டி நிறுத்தினேன். விடிந்து பார்த்தால் கண்ணாடியில் உள்பக்கமெல்லாம் தண்ணீர், போர்வை ஈரம், பின்டயரில் காற்று இல்லை. ஊர்க்காரர்கள் விரட்டியதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தனியாக இப்படிப் போவது தப்பா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தப்பே இல்லை தம்பி, தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த இரண்டு பேர் மேல் வருத்தம் வேண்டாம். நான் இந்தப் பக்கத்துக்காரன். அவர்களுக்காகவும் பேசியாக வேண்டும்.

உங்கள் ஊர் காவிரிப் பாசனம். எங்களுடையது வானம் பார்த்த பூமி. கானாடுகாத்தான் வீடுகளில் ஓட்டுக் கூரை முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்குமே, கவனித்தீர்களா? அந்தத் தண்ணீரை அண்டா வைத்துப் பிடிப்பார்கள். தெருவில் விழும் மழை வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். குடிதண்ணீர் ஊருணி என்றால், செருப்புக் காலோடு படியில் இறங்கினாலே பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். வீட்டுக்குள் குழாய் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, போகவும் கூடாது. ராத்திரியில் தெரியாத வண்டி ஒன்று கரையில் நின்றால், எதைக் கழுவப் போகிறார்களோ, எதைக் கொட்டப் போகிறார்களோ என்றுதான் நினைப்பார்கள்.

அடுத்த முறை வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய்விடுங்கள். டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். "அண்ணே, தனியாத்தான் வந்திருக்கேன், ராத்திரி வண்டியிலயே படுத்துக்கிறேன், எங்க நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். திண்ணையில் ஆச்சி யாராவது உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. முதலில் எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று விசாரணை நடக்கும். அது முடிந்தால் இடமும் கிடைத்துவிடும், ராத்திரி யாரும் வந்து தட்டவும் மாட்டார்கள். ஊருக்குள் போகக் கூச்சமாக இருந்தால் மெயின் ரோட்டில் பெட்ரோல் பங்கில் கேட்டுப் பாருங்கள். லாரிக்காரர்கள் செய்வது அதுதான். கழிப்பறையும் இருக்கும்.

கண்ணாடியில் வழிந்தது உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். தை மாதப் பனியில் கண்ணாடி சில்லிட்டுப் போயிருக்கும். அதில் பட்டதும் தண்ணீராகிவிடும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு கண்ணாடிகளை விரலளவு இறக்கி வையுங்கள். கொசுவலைத் துணியை வெட்டிக் கதவின் மேல் மாட்டி மூடினால் போதும். இன்னொன்று, இதை மட்டும் மறக்காதீர்கள்: இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். காருக்குள் அடுப்பும் பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

டயரில் ஏறியது சீமைக்கருவேல முள்ளாகத்தான் இருக்கும். டியூப்லெஸ் டயர் என்றால் முள்ளை அங்கேயே பிடுங்காதீர்கள். குத்திய ஓட்டையை ஓரளவு அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுகிற சின்ன காற்றடிக்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றை ஏற்றி, நிற்கிறதா என்று பார்த்து, மெதுவாகப் பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போய்விடலாம்.

கேள்வி: அதே பயணத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைத் தவறவிட்டேன். விடியற்காலையில் போகலாமா?
– அதே வாசகர்

பதில்: அவசியம் போங்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் கேட்டால் வழி சொல்வார்கள். கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. அதனால் காரைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஹாரன் வேண்டாம், பாட்டும் வேண்டாம்.