சிரிக்க வைக்குற கேள்விக்கும் ரூல்ஸ் வேணுமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்க காலேஜ் கோடிங் கிளப்புல காமெடியா புரோகிராமிங் போட்டி நடத்துதோம். போன தடவை 'ரெண்டு நம்பரை ரொம்ப சிரிப்பு வர்ற மாதிரி கூட்டுங்க'ன்னு கேட்டோம், கடைசில பரிசு யாருக்குன்னு ஒரே சண்டை. என்ன ரூல்ஸ் வைக்கலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, சண்டை கேள்வியிலயே இருக்குல்லா. சிரிப்பை யாரு அளக்க முடியும், எவனுக்குக் கூட்டாளி ஜாஸ்தியோ அவனுக்குத்தான் கைதட்டு விழும். காமெடியைக் கதையில வைங்க, ஜெயிக்கிறதை மட்டும் எண்ணிப் பாக்குற மாதிரி வைங்க. இப்படிக் கேளுங்களேன்: சாயங்காலம் இருட்டுக்கடையில வரிசை நிக்குது, இருக்கிற அல்வா இத்தனை கிலோ, ஒவ்வொருத்தரும் கேக்குற கிராம் இன்புட்டா வரும், அல்வா பத்தாமப் போற முதல் ஆளு எத்தனாவது ஆளு? இருக்கிறதுலயே சின்ன புரோகிராம் கோடு எழுதுனவருக்குப் பரிசு. ஆனா கால் கிலோதான் மிச்சம், அவரு அரைக்கிலோ கேக்காருன்னா இருக்கிறதை வாங்கிட்டுப் போவாரா, வெறுங்கையோட போவாரா, அதுக்கப்புறம் நிக்கிறவருக்கு உண்டா இல்லியா, இதையெல்லாம் எழுதாம விட்டீங்கன்னா அடுத்த சண்டை அங்கதான்.

சின்ன கோடுன்னா எதுல சின்னதுன்னும் சொல்லிரணும். 'அல்வா' நம்ம கண்ணுக்கு 3 எழுத்து, கம்ப்யூட்டர்ல எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்குற யூனிகோடுல 5 குறியீடு, அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில 15 பைட்டு! இங்கிலீஷ் எழுத்துக்கு அதுல ஒரு பைட்டுதான், அதனால பைட்டுல எண்ணுனா தமிழ்ல பிரிண்ட் பண்ணுத பிள்ளைங்கதான் தோக்கும், அதனால பிரிண்ட் பண்ண வேண்டிய வார்த்தையை எல்லாருக்கும் ஒண்ணாவே குடுத்துருங்க.

குறுக்கு வழி தேடுதவன் எப்பவும் வருவான். சி மொழியில புரியாத மாதிரி கோடு எழுதுற ஐஓசிசிசி போட்டி 1984ல ஆரம்பிச்சது, அதுல 1994ல தன்னைத்தானே பிரிண்ட் பண்ணுற உலகத்துலயே சின்ன புரோகிராம்னு ஒரு காலி ஃபைல் வந்துச்சு, 0 பைட்டு, ஓட்டுனா ஒண்ணும் வராது, அப்போ அதுவும் அதோட நகல்தானே! விதியை ரொம்ப மோசமா வளைச்சதுக்குன்னே பரிசும் குடுத்தாங்க. அதுமாதிரி ஒருதரம் ரசிக்கலாம், அதையே மாசா மாசம் எல்லாரும் அனுப்புனா போட்டி செத்துரும். விடையை அப்படியே எழுதி வைக்கிறது, நெட்ல இருந்து எடுத்துட்டு வர்றது ரெண்டையும் முதல்லயே தடை பண்ணிருங்க.

ஃபைலை அழிக்கிற கோடு, லேப் மெஷினை முடக்குற கோடு, ஊரையோ சாதியையோ பொம்பளப் பிள்ளைகளையோ கிண்டல் பண்ணுத கேள்வி, இதுக்கெல்லாம் பேச்சே கிடையாது. கேள்வியைப் போடுததுக்கு முன்னாடி போட்டியில சேராத ரெண்டு சீனியர்கிட்ட குடுத்து ஓட்டை இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. ரெண்டு பேரு சமமா வந்தா முதல்ல அனுப்புனவருக்கே பரிசுன்னும் நோட்டீஸ்லயே போட்டுருங்க.