ராயபுரத்திலிருந்து வியாசர்பாடிக்கு ஆட்டோவில் கொண்டுபோய் இசைக்குழுப் பயிற்சியில் வாசிக்க, விலை குறைந்த கிட்டார் டியூப் ஆம்ப் (வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் கருவி) எது?

இரண்டு இ.எல்.84 வகை வால்வுகள் கொண்ட 15 வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) போதும்; 5 வாட் ஆம்ப் வீட்டில் இனிமையாக ஒலித்தாலும், டிரம்ஸ் தொடங்கியதும் அதன் தெளிவான ஒலி உடைந்துவிடும். வாட் இரட்டிப்பானாலும் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடுவதால், 30 வாட்டுக்குப் பணம் செலவிட்டு அந்த எடையையும் மாடிப்படியில் தூக்குவது வீண் என்பேன். இந்த வகைக் காம்போவான ஃபெண்டர் புளூஸ் ஜூனியர், 12 அங்குல ஸ்பீக்கருடன், ஏறத்தாழ 14 கிலோதான். பழையதாக வாங்குவதே சிக்கனம். கப்பலில் பணிபுரியும் உறவினர் யாரேனும் (நம் பகுதியில் இதற்குப் பஞ்சமில்லை) அமெரிக்காவிலிருந்து வாங்கி வருவதானால், பின்புறத்தில் 230 வோல்ட் என்று இருக்கிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். 120 வோல்ட் ஆம்புக்கு இங்கே கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். வால்வுகள் ஆறிய பிறகே ஆட்டோவில் ஏற்றுங்கள்.